மாவு டின்னில் வண்டு: ஆறு மாதச் சண்டை, நோட்டுப் புத்தகத்தோடு

கோதுமை மாவு டின்னைத் திறந்தபோது மாவின் மேல்பரப்பில் தையல் போட்ட மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் தெரிந்தன. டின்னை நகர்த்தியதில் சரிந்திருக்கும் என்று நினைத்து உள்ளங்கையால் தட்டிச் சமமாக்கிவிட்டு, தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பி வந்தால் மறுபடியும் கோடு. கோட்டின் நுனியில் மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் செம்பழுப்பாக ஒரு வண்டு.

போன புரட்டாசியில் நடந்தது இது. எங்கள் வீடு தாம்பரம் தாண்டி. அப்பாவுக்குச் சர்க்கரை, அதனால் ராத்திரி எல்லோருக்குமே சப்பாத்திதான், மாதம் எட்டு கிலோ கோதுமை மில்லில் அரைத்து வைப்பது பல வருடப் பழக்கம். வண்டு வருவதும் புதிதில்லை. சலித்து, வெயிலில் ஒரு மணி நேரம் போட்டு எடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். ஆனால் அந்த ஒரு வருடத்தில் அது நான்காவது முறை, அதுவும் காசு கொடுத்துப் புதிதாக வாங்கிய ‘காற்றுப் புகாத’ டப்பாவிலும் வந்துவிட்டது என்பதால்தான் கோபம் வந்து ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். ஆறு மாதம் ஓடியது. எது பலித்தது, எங்கே அசடு வழிந்தேன் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

முதல் நாளே அசடு வழிந்த கதைதான். டின்னில் ஐந்து கிலோ மிச்சம் இருந்தது, சலித்து எண்ணினேன்: 71 வண்டு, அதுபோக மஞ்சளாக நூல் மாதிரி நெளிகிற புழுக்கள் எண்ண முடியாத அளவுக்கு. கொஞ்சம்தான் என்றால் சலித்துச் சாப்பிட்டிருப்போம், பொய் சொல்லவில்லை, பல முறை சாப்பிட்டிருக்கிறோம். இந்த மாவு ஆனால் லேசாக இளஞ்சிவப்பு ஏறியிருந்தது, பழைய மருந்து அலமாரியைத் திறந்த மாதிரி ஒரு காரமான வாடை. இந்த வண்டுகள் குயினோன் என்கிற வேதிப்பொருளைக் கசியவிடும், எண்ணிக்கை கூடினால் மாவின் நிறமும் வாசனையும் அதனால்தான் கெடுகின்றன. அந்த மாவில் சுட்ட சப்பாத்தி வாயில் வைக்க விளங்காது. சரி, கொட்டிவிடலாம் என்று சமையலறைக் குப்பைக் கூடையிலேயே கொட்டி மூடினேன். காலையில் கூடைக்கு மேலே சுவரில் ஊர்வலம். இந்த வண்டுக்கு நடக்கவும் தெரியும், பறக்கவும் தெரியும். அப்புறம்தான் எல்லாவற்றையும் கூட்டி அள்ளி, இரண்டு கறுப்புக் கவருக்குள் கட்டி, மொட்டை மாடி வெயிலில் இரண்டு நாள் போட்டுவிட்டு மாநகராட்சி வண்டியில் கொடுத்தேன். கொட்டுகிறவர்கள் முதலிலேயே இப்படிச் செய்துவிடுங்கள்.

எதிரி யார் என்று தெரிந்தால்தான் சண்டை போட முடியும். நாம் வீட்டில் எல்லாவற்றையும் ‘வண்டு’, ‘புழு’ என்று முடித்துவிடுகிறோம், ஆனால் அரிசியில் மூக்கு நீண்டு கறுப்பாக வருவது வேறு ஆள். அது முழுத் தானியத்தைத் துளைத்து அதற்குள்ளே முட்டை வைக்கும், தூளான மாவில் அதனால் குடும்பம் நடத்த முடியாது. ரவையில் நூல் கட்டிக் கட்டியாக்குவது அந்துப்பூச்சியின் புழு. மாவில் வருவது பெரும்பாலும் செம்மாவு வண்டு, ட்ரைபோலியம் காஸ்டேனியம். இது நேர் எதிர், முழுக் கோதுமையை எளிதில் கடிக்க வராது, உடைந்ததும் தூளும்தான் வேண்டும். ஆய்வுக்கூடங்களில் இதற்கு ராஜமரியாதை, வண்டினத்திலேயே முதன்முதலாக மரபணுத் தொகுதி முழுக்கப் படிக்கப்பட்டது இதற்குத்தான், 2008-ல் வெளியிட்டார்கள். நம் வீட்டில் மரியாதை கிடையாது.

ஒரு பெண் வண்டு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். முட்டை அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம்தான், அதன் மேல் பசை இருப்பதால் மாவுத் துகள் ஒட்டிக்கொண்டு மாவோடு மாவாகிவிடும். நம் சல்லடையில் வண்டு நிற்கும், பெரிய புழு நிற்கும், முட்டை பாட்டுக்குக் கீழே போய்விடும். சென்னைச் சூட்டில் முட்டை வண்டாக மாற ஏறக்குறைய ஐந்து வாரம். ‘சலித்து வைத்தேனே, ஒரு மாதம் நன்றாகத்தானே இருந்தது’ என்று அம்மா எப்போதும் சொல்வதன் கணக்கு இதுதான். அந்த ஒரு மாதமும் அது உள்ளே வளர்ந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் முட்டை எங்கிருந்து வருகிறது? வெளியிலிருந்து டப்பாவுக்குள் நுழைகிறதா, வாங்கும்போதே மாவில் இருக்கிறதா? எல்லோரும் டப்பாவைக் குறை சொல்கிறோம். எனக்கு அதில் சந்தேகம் வந்ததால் சாட்சி பாட்டில் வைத்தேன். இதற்குச் செலவே கிடையாது, யாரும் செய்யலாம். காலியான ஊறுகாய் பாட்டில் மூன்றை வெந்நீரில் கழுவிக் காயவைத்து ஒவ்வொன்றிலும் நூறு கிராம் மாவு: முதலாவதில் மில்லில் அன்று அரைத்தது, இரண்டாவதில் அதே மாவை ஃப்ரீசரில் வைத்து எடுத்தது, மூன்றாவதில் கடையில் வாங்கிய பாக்கெட் ஆட்டா. மூடியை இறுக்கி, ஃப்ரிட்ஜின் மேல் கதகதப்பான இடத்தில் வைத்துவிட்டேன். வாரம் ஒரு முறை திறந்து காற்று மாற்றி மூடுவது மட்டும்தான் வேலை.

பத்தொன்பதாம் நாள் முதல் பாட்டிலின் கண்ணாடியோரம் மஞ்சள் புழு. முப்பத்தெட்டாம் நாள் வண்டு. மற்ற இரண்டிலும் அறுபது நாள் வரை ஒன்றுமே இல்லை.

ஆக, மாவு வீட்டுக்கு வரும்போதே முட்டையோடுதான் வருகிறது. அப்புறம் டப்பா எவ்வளவு இறுக்கமாக இருந்தால் என்ன? உள்ளே இருப்பவனை உள்ளேயே வைத்துப் பூட்டுகிறோம், அவ்வளவுதான். காற்று போகாவிட்டால் செத்துவிடாதா என்று தோன்றும், சாகும்தான், ஆனால் காற்றில் 21 சதவீதம் இருக்கிற ஆக்சிஜன் இரண்டு மூன்று சதவீதத்துக்கு இறங்கி அப்படியே பல நாள் நிற்க வேண்டும். பாதி காலியான டப்பாவில் காற்றுக்குப் பஞ்சமில்லை, தினமும் ராத்திரி ஏழரைக்கு நாமே திறந்து புதுக் காற்றும் விடுகிறோம்.

மில்லில் எங்கே ஏறுகிறது என்று பார்க்கப் போனேன். மில் அண்ணனை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும், அதனால் கேட்க முடிந்தது. கோதுமைக்குள் பூச்சி இருந்தாலும் அரைபடும்போது பெரும்பாலும் நசுங்கிவிடும், அதற்குப் பிறகு மாவு இறங்குகிற துணிக்குழாய்தான் விஷயம். நேற்று அரைத்தவர் மாவு, போன வாரம் அரைத்தவர் மாவு எல்லாம் அந்தத் துணியின் மடிப்பில் தங்கியிருக்கும். அண்ணன் அதை ஒரு தட்டுத் தட்டினார், கீழே விரித்திருந்த பேப்பரில் ஏழெட்டு வண்டு விழுந்தது. அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “தினம் தட்டுறதுதான் சார், மழைக்காலத்துல அடங்க மாட்டேங்குது” என்றார். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன், எந்த மில்லிலும் இதுதான் நிலைமை. பெரிய ஆலைகளில் மாவை அதிவேகமாகச் சுழற்றி இரும்பு முளைகளில் மோதவிட்டு முட்டையை உடைக்க என்டோலெட்டர் என்று தனி இயந்திரமே இருக்கிறது. என் மூன்றாவது பாட்டில் சுத்தமாக இருந்ததற்கு அது காரணமாக இருக்கலாம். (கடையில் கிடந்து கிடந்து பாக்கெட்டிலும் ஏறும், அது வேறு.)

இப்போது செய்வது இதுதான்: காலையில் மெஷின் போட்டு இரண்டு மூன்று பேர் கோதுமை அரைத்த பிறகு போகிறேன், துணியைத் தட்டச் சொல்கிறேன், முதலில் விழுகிற அரைக் கிலோவைத் தனிப் பையில் பிடித்து அன்றே தோசைக்கோ கூழுக்கோ தீர்த்துவிடுகிறோம். எட்டு கிலோவை ஒரேயடியாக அரைப்பதையும் விட்டாச்சு. பதினைந்து நாளைக்கு ஒரு முறை நான்கு கிலோ. இரண்டு கிலோவாகக் கேட்டுப் பார்த்தேன், “கரண்டுக்குக்கூட ஆகாது சார்” என்றார், நியாயம்தான்.

அரைத்த மாவு சூடாக இருக்கும். அதை அப்படியே டின்னில் கொட்டி மூடினால் மூடியின் அடியில் வேர்த்து, சொட்டி, மாவு கட்டிபிடிக்கும். ஈரமான மாவு பூச்சிக்கும் பூஞ்சைக்கும் கொண்டாட்டம். ஆட்டாவில் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரையறை, நம் ஊர் மழைக்காலத்தில் திறந்து வைத்தாலே மாவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் பழைய வேட்டியை விரித்து அதில் மாவைப் பரப்பி, கை வைத்தால் சூடு தெரியாத வரைக்கும் ஆறவிட்டு உடனே எடுத்துவிட வேண்டும். பாட்டி முறத்தில் ஆறவைப்பார், அதே வேலைதான்.

அடுத்தது ஃப்ரீசர். உண்மையில் ஜெயித்தது இதுதான். மைனஸ் 18 டிகிரி நாலைந்து நாள் இருந்தால் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு எதுவும் மிஞ்சாது என்பது எல்லோரும் சொல்கிற கணக்கு. இதில் இரண்டு கொக்கி இருக்கிறது. மாவு நல்ல போர்வை, குளிர் அதன் நடுவுக்குப் போய்ச் சேரவே ஒரு நாளுக்கு மேல் ஆகும், நான்கு கிலோவை மூட்டையாகக் கட்டி உள்ளே திணித்தால் நடுவில் இருப்பவன் சௌக்கியமாகத் தூங்குவான். நான் ஒவ்வொரு கிலோவாக ஜிப் கவரில் போட்டு, கணக்கு நோட்டு கனத்துக்குத் தட்டையாக்கி, இடைவெளி விட்டு அடுக்குகிறேன். இரண்டாவது கொக்கி, உங்கள் ஃப்ரீசர் மைனஸ் 18-ஐத் தொடுகிறதா? எங்களுடையது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். 250 ரூபாய்க்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வைத்துப் பார்த்தால் மைனஸ் 11. திருகை முழுக்கத் திருப்பி, அங்குலக் கணக்கில் உறைந்திருந்த பனியை உருக்கிய பிறகு மைனஸ் 14. அதற்கு மேல் அது இறங்கவில்லை. அதனால் நான் நாலைந்து நாள் என்பதை இரண்டு வாரமாக்கிக்கொண்டேன். நடுவில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் அந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டாவது சாட்சி பாட்டில் சொன்னது இந்த இரண்டு வாரக் கணக்குக்குத்தான்.

வெளியே எடுத்ததும் கவரைத் திறக்காதீர்கள். முதல் தடவை ஆர்வத்தில் திறந்துவிட்டேன், சென்னைக் காற்றின் ஈரம் மொத்தமும் குளிர்ந்த மாவில் இறங்கி ஒரு கிலோ வீணாப் போச்சு. மூடியபடியே ஒரு ராத்திரி சமையல் மேடையில் கிடக்கட்டும், வெளியே வேர்த்ததைத் துடைத்துவிட்டுத் திறந்தால் உள்ளே பொலபொலவென்று இருக்கும்.

இதெல்லாம் செய்தும் பழைய டின்னில் கொட்டினால் வீண். பழைய மாவு கால் டின் இருக்கும்போதே மேலே புது மாவைக் கொட்டுவது நம் எல்லா வீட்டிலும் நடக்கிறது, எங்கள் டின்னின் அடி எத்தனை வருடமாக வெளிச்சம் பார்க்கவில்லையோ தெரியாது. அதைக் கவிழ்த்துத் தட்டிக் கழுவி, சுத்தம் என்று நினைத்தபோது மேல் விளிம்பைக் கவனித்தேன். எவர்சில்வர் டின்னின் வாய் கையைக் கிழிக்காமலிருக்க வெளிப்பக்கமாக மடித்திருப்பார்கள் இல்லையா, அந்த மடிப்புக்குள் மாவு கெட்டித்துக் கிடந்தது. கொதிக்கிற தண்ணீரை விளிம்பைச் சுற்றி ஊற்றினேன், பழுப்பாகத் தண்ணீர், அதில் செத்ததும் சாகாததுமாக ஆட்கள். டப்பா மூடியின் திருகு வரியிலும் இதே கதை, பழைய டூத் பிரஷ் போட்டுத் தேய்த்தால் ஒரு தேக்கரண்டி மாவு வந்தது. ‘காற்றுப் புகாத’ டப்பாவின் ரப்பர் வளையத்தைக் கத்திமுனையால் நெம்பிக் கழற்றினால் அதன் அடியில் ஒரு குடித்தனம். வளையம் கழலுகிற டப்பாவாக இருந்தால்தான் வாங்குங்கள் என்று சொல்வேன்.

இறுக்கம் பார்க்கச் சுலபமான வழி, டப்பாவில் தண்ணீர் ஊற்றி மூடிக் கவிழ்ப்பது. அழுத்து மூடி போட்ட எவர்சில்வர் சம்படங்கள் எல்லாம் ஒழுகின. திருகு மூடி போட்ட பெட் (PET) பிளாஸ்டிக் ஜார் இரண்டில் ஒன்று தேறியது. நான்கு பக்கம் கொக்கி போட்டது சொட்டவில்லை. கண்ணாடி ஜாருக்கு இன்னொரு நன்மை இருக்கிறது, செம்மாவு வண்டால் சுத்தமான கண்ணாடியில் ஏற முடியாது, வழுக்கி வழுக்கி விழும். ஆனால் சுவரில் மாவுத் தூசி ஒரு கோடு இருந்தால் போதும், அதையே ஏணியாக்கி ஏறி வந்துவிடும். அரிசி வண்டு கண்ணாடியில் சாதாரணமாக ஏறும், இரண்டையும் பிரித்துப் பார்க்க இது ஒரு விளையாட்டு. என் மகன் இதற்காகவே பக்கத்து வீட்டிலிருந்து அரிசி வண்டு வாங்கி வந்தான்.

அலமாரி வேலைக்கு ஒரு ஞாயிறு முழுதும் போனது. எங்கள் வீட்டில் கடப்பாக்கல் தட்டுகள், கல்லுக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுனி போகிற அளவுக்குச் சந்து. மேலே விரித்திருந்த நாளிதழை எடுத்தால் அடியில் மாவு, ரவை, கடலை மாவு எல்லாம் கலந்த ஒரு சரித்திரம். பெயின்ட் பிரஷ்ஷால் சுரண்டி, சந்துக்குள் ஹேர் டிரையரைக் காட்டினேன். சூடு பட்டதும் உள்ளேயிருந்து வந்த கூட்டத்தைப் பார்த்து மனைவி அந்த டிரையரை இனி தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஈரத்துணி போட்டுத் துடைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளை சிமென்ட் குழைத்துச் சந்தை அடைத்தேன். மரப்பலகைத் தட்டு வைத்திருப்பவர்கள் பக்கவாட்டில் பின் செருகுகிற துளைகளைப் பாருங்கள், அவற்றுக்குள்ளும் இருக்கும். பேப்பர் விரிப்பதையும் விட்டுவிட்டோம், சிந்தினால் தெரியட்டும்.

இலை, வேர், மருந்து விஷயம். அம்மா வேப்பிலை என்றார், மாமியார் பிரிஞ்சி இலை என்றார், எதிர்வீட்டு அக்கா கிராம்பு என்றார், எனக்கு வசம்பு மேல் ஒரு பாசம். நான்கு ஜாரில் கால் கிலோ மாவு, ஆளுக்கு இருபது வண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சரக்கு, ஐந்தாவதில் ஒன்றும் போடவில்லை. பத்து நாள் கழித்து எண்ணினால் வசம்பு ஜாரில் மட்டும் மூன்று செத்திருந்தது, மற்றதில் ஒன்றோ சுழியோ. பிரிஞ்சி இலையைத் தூக்கினால் அதன் அடியில் நான்கு பேர் நிழலுக்கு ஒதுங்கியிருந்தார்கள். ஐந்து ஜாரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு சொல்ல மாட்டேன், என் வீட்டு மாவுக்கு நான் சொல்கிற தீர்ப்பு இது. பச்சை வேப்பிலை போட்ட ஜாரில் ஈரம் ஏறி மாவு கட்டியானதுதான் மிச்சம்.

ஆனால் பாட்டி செய்ததெல்லாம் வெறும் நம்பிக்கை என்று சொன்னால் அது அநியாயம். துவரம்பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவுவதும் செம்மண் கட்டி வைப்பதும் நல்ல காரியங்கள். எண்ணெய்ப் படலம் முட்டை ஒட்டுவதைத் தடுக்கும், ஒட்டிய முட்டையையும் மூச்சடைக்கும். அதெல்லாம் முழு மணிக்குச் செய்கிற வைத்தியம், மாவுக்கு எண்ணெய் தடவ முடியாது. மாவுக்கும் பாட்டியிடம் வைத்தியம் இருந்தது, அதை நாம் கவனிக்கவில்லை: ரவையை வறுத்து வைப்பார், இடியாப்ப மாவை வறுத்து வைப்பார், சத்துமாவுக்குப் போகிற ஒவ்வொரு தானியத்தையும் வறுத்துத்தான் அரைப்பார். வறுக்கிற சூட்டில் முட்டை போய்விடும், ஈரமும் போய்விடும். 55, 60 டிகிரி சூடு ஒரு மணி நேரம் இருந்தாலே பூச்சி தாங்காது, வாணலி அதற்கெல்லாம் எவ்வளவோ மேலே. சப்பாத்தி மாவை மட்டும் வறுக்க முடியாது, பசைத்தன்மை போய்விடும். அரைக் கிலோ வறுத்துப் பிசைந்து பார்த்தேன், உருட்டினால் விளிம்பெல்லாம் வெடித்து இந்திய வரைபடம் வந்தது.

மாத்திரை பற்றி ஒரே வார்த்தை. மூட்டைக்குள் போடச் சொல்லி ஒரு மளிகைக்கடையில் எனக்கு ஒரு மாத்திரை தர வந்தார்கள். அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயு வரும், அதற்கு முறிவு மருந்து கிடையாது, பூட்டிய வீட்டில் மனிதரையே கொல்லும். கிடங்குகளில் பயிற்சி பெற்றவர்கள் போடுவது அது. பாதரசம் சேர்த்த மாத்திரைகளும் கடைகளில் கிடைக்கின்றன, அவையும் சாப்பாட்டு டப்பாவுக்குள் வேண்டவே வேண்டாம். வாங்காமல் வந்துவிட்டேன்.

இனி அட்டைக் கதை. பூச்சி இருக்கிறதா என்று அறிய வேளாண் பல்கலைக்கழகத்தார் தானியத்துக்குள் செருகும் துளை போட்ட குழாய்ப் பொறி வைத்திருக்கிறார்கள், கோயம்புத்தூரில் உருவானது. வண்டு துளை வழியே இறங்கி அடியிலிருக்கும் கிண்ணத்தில் விழும், ஏற முடியாது. அது குதிருக்கும் மூட்டைக்கும் சரி. அலமாரிக்கு நான் நெளிவு அட்டையை விரல் நீளத்துக்கு வெட்டி, நெளிவுக்குள் ஒரு சிட்டிகை மாவைத் தூவி, தட்டுக்கு ஒன்றாக மூலையில் வைத்தேன். சந்து கண்டால் நுழைகிற குணம் வண்டுக்கு. ஞாயிறு காலை வெள்ளைத்தாளில் தட்டி எண்ணுவது. ஐப்பசி முதல் வாரம் 31. அப்புறம் 14, 6, 1, சுழி, சுழி. கார்த்திகை தீபத்தன்று வீட்டில் நான் பேசிய பேச்சு கொஞ்சம் ஓவர்.

அடுத்த ஞாயிறு 3. அதற்கடுத்தது 9.

மில் மாவு ஃப்ரீசரில் இருக்கிறது, டின் புதிது போல இருக்கிறது, சந்து அடைத்தாச்சு. பாஸ்தா பாக்கெட், சேமியா, கடலை மாவு, பஜ்ஜி மாவு, பரணில் இருந்த வடகம் வரை எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தேன். ரவையில் ஒரு அந்துப்பூச்சிக் கூடு கிடைத்தது, அது வேறு வழக்கு. (அந்த அந்துப்பூச்சியைக் கம்பு உடைத்துப் போட்டு ஆய்வுக்கூடங்களில் வேண்டுமென்றே வளர்க்கிறார்கள் தெரியுமா, அதன் முட்டையில்தான் கரும்புத் துளைப்பானை அடக்குகிற ட்ரைக்கோகிரம்மா குளவியைப் பெருக்கி, அட்டையில் ஒட்டி விவசாயிக்குத் தருகிறார்கள். நம் ரவையில் இருப்பதை யாரும் கேட்டு வர மாட்டார்கள்.) வண்டு எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பிடிபடவில்லை. ஒவ்வொரு அட்டையையும் தனித்தனியாக எண்ணியபோது பூஜை அலமாரியை ஒட்டிய தட்டிலிருந்துதான் ஒன்பதில் எட்டும் வந்திருந்தது. அங்கே உணவுப்பொருள் எதுவும் கிடையாது, விபூதி, கற்பூரம், திரிநூல் இவ்வளவுதான். அதனால் பக்கத்துச் சுவரில்தான் ஏதோ ஓட்டை என்று முடிவு செய்து இன்னும் கொஞ்சம் வெள்ளை சிமென்ட் குழைத்தேன்.

மார்கழி ஒன்றாம் தேதி காலை நாலரைக்கு வாசலிலிருந்து அம்மா குரல். “டேய், இங்க வா. உன் ஆளுங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க.”

கோலமாவு டப்பா. பூஜை அலமாரிக்கு அடியில் இருக்கும் பழைய பால்பவுடர் டின். வாசலில் தினமும் போடுவது கல்மாவு, அது பூச்சிக்கு ஆகாது. மார்கழிக்கும் விசேஷத்துக்கும் என்று பச்சரிசியை ஊறவைத்து, இடித்து, வறுக்காமல் காயவைத்த அரிசிமாவை அம்மா ஆடியிலேயே தனியாக எடுத்து வைத்திருந்தார். எறும்புக்கு உணவு என்று போடுகிற மாவு, வண்டுக்கும் உணவுதான். டின்னைச் சாய்த்தால் மாவு நகரவில்லை, வண்டு நகர்ந்தது. எண்ணவில்லை. சமையலறையைச் சல்லடை போட்டுத் தேடியவன் இரண்டடி தள்ளி இருந்ததைப் பார்க்காததற்குக் காரணம் ஒன்றுதான், அதை நான் மாவுக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அன்று கல்மாவுக் கோலம்தான் விழுந்தது. தை பிறக்கும்போது அட்டையில் சுழி.

பொங்கல் முடிந்ததும் கடைசிப் பாகம். மாவாகச் சேமிப்பதைக் குறைத்து, முழுக் கோதுமையாக வைத்துக்கொள்வது. செம்மாவு வண்டுக்கு முழுமணி தோதில்லை, மாவில் எண்ணெய்ச் சத்து கெட்டு வாடை வருவதும் இதில் இல்லை. முழு மணிக்கு அரிசி வண்டு வருமே என்றால், அதற்கு வெயில் இருக்கிறது. மாசியில் மொட்டை மாடியில் கறுப்புத் தார்ப்பாய் விரித்து, இருபது கிலோ கோதுமையை ஒரு விரற்கடை கனத்துக்குப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை மூடி நான்கு ஓரமும் செங்கல் வைத்தேன். சும்மா பரப்பிய இடத்தில் தெர்மாமீட்டர் 46 காட்டியது, வண்டு அந்தச் சூட்டுக்கு எழுந்து நடந்து நிழலுக்குப் போய்விடும். தாள் மூடிய இடத்தில் மதியம் ஒன்றரைக்கு 61. இரண்டு நாள் இப்படிப் போட்டு, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, கொக்கி டப்பாக்களில் விளிம்பு வரைக்கும் நிரப்பினேன். இரண்டு கிலோ மாவை மட்டும் அவசரத்துக்கு என்று தடித்த ஃபாயில் பையில், இரும்புத்தூள் போட்ட ஆக்சிஜன் உறிஞ்சிப் பொட்டலம் ஒன்று சேர்த்து ஒட்டி வைத்திருக்கிறேன். 300 சி.சி. என்று போட்டிருந்தால் அது உறிஞ்சுவது 300 மில்லி ஆக்சிஜன், அதாவது ஏறக்குறைய 1.4 லிட்டர் காற்றில் இருப்பது. பையை நன்றாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டால் ஒன்றே போதும்.

மனைவிக்கு ஒரு குறை பாக்கி இருக்கிறது. ஃப்ரீசரில் பாதி மாவு, கால்வாசி அம்மாவின் அடுத்த மார்கழிக்கான கோலமாவு, ஐஸ் தட்டுக்கு இடமில்லை. “ஏங்க, கோலமாவுக்கெல்லாமா ஃப்ரீசர்?” என்று வருகிறவர்கள் முன்னால் கேட்கிறாள். அட்டையை இன்னும் ஞாயிறுதோறும் தட்டுகிறேன். போன வாரம் ஒன்று விழுந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, டார்ச் அடித்து, குண்டூசியால் புரட்டிப் பார்த்தேன். கடுகு.